இமையில் இருக்கிறது வயது

கார்ட்டூன் விலங்கின் கண் பெரிதானால் அது குழந்தையாகிவிடும் என்பது நெடுநாள் விதி. விலங்கு நடத்தையியலாளர் கான்ராட் லாரன்ஸ் 1943இல் வகுத்த குழந்தைமுகக் கூறுகள் அதற்கு அடித்தளம். தலை நீளத்தில் 27 சதவீதமாக இருந்த மிக்கி மவுஸின் கண் 42 ஆக வளர்ந்ததை பரிணாம உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் அளந்து காட்டியபோது விதி உறுதிப்பட்டது. ஆனால் மதுரைப் புது மண்டபத்து யாளிகள் முன்னால் அது தடுமாறுகிறது.

திருமலை நாயக்கர் காலத்து அந்த யாளிகளின் விழிகள் பிதுங்கி உருண்டவை. குழந்தைமையோ துளியும் கிடையாது. புருவமேடு முன்தள்ளி விழிமேல் கவிகிறது, இமை தடித்த விளிம்பாக நிற்கிறது, நிழல் மேற்பாதியில் தங்குகிறது. கண், கோரைப்பல், தூக்கிய முன்கால் அனைத்தும் ஒரே சினத்தைச் சொல்கின்றன. இந்த ஒருமை பெரும் சாதனை. ஓர் உணர்ச்சிக்கு மேல் நகராதது தூணுக்குக் குறையாகாது, கதைக்குக் குறைதான்.

ஐயனாருக்குக் குயவர்களான வேளார்கள் செய்யும் மண்புரவியின் உருண்டைக் கண்ணில் இமை பெரும்பாலும் வெறும் வண்ணக்கோடு. இரவெல்லாம் ஊர்காக்கும் தெய்வத்தின் குதிரைக்கு வேண்டிய விழிப்பு அதில் முழுமையாகக் கிடைக்கிறது. வயது கிடைப்பதில்லை.

கதைக்கான கண்ணை, சிவகாசி லயன் காமிக்ஸ் வழியே தமிழ் பேசும் ஜாலி ஜம்பரிடம் பார்க்கலாம். காமிக்ஸ் ஓவியர் மோரிஸ் 1946இல் கௌபாய் நாயகன் லக்கி லூக்குடன் படைத்த குதிரை அது. கண்ணுக்குச் செலவிட்ட கோடுகள் மிகச் சில. பாதி இறங்கிய இமைதான் முதன்மைக் கருவி. மனிதர்களின் அசட்டுத்தனத்தை நெடுங்காலம் பொறுத்துக்கொண்ட நடுவயதின் சலிப்பு அந்த ஒரு கோட்டில் வந்துவிடுகிறது. இமை மேலேறினால் பதற்றம், இன்னும் தாழ்ந்தால் அலட்சியம். இருந்தும் அது வசனத்தைச் சார்ந்தே நிற்கிறது. வசனப் பலூனை மறைத்தால் கிண்டலில் பாதி போய்விடும். யாளிக்கு அந்தத் துணை தேவைப்படவில்லை. ஒருமையில் யாளியும் வீச்சில் ஜாலி ஜம்பரும் முதலிடம் பெறுகின்றன என்பதே என் தீர்ப்பு.

இந்த அளவுகோலை நம் மழலையர் பள்ளிச் சுவர்களில் வைத்துப் பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. வண்ணப்பூச்சு சுத்தம், கைத்திறனும் உண்டு. ஆனால் யானைக்கும் சிங்கத்துக்கும் முயலுக்கும் இமையற்ற அதே பெரிய வட்டம், அதே வெள்ளைப் பொட்டு. சிங்கத்தைக் கிணற்றில் விழவைத்த முயலின் கதையை அந்தப் படங்களைக் காட்டிச் சொல்ல முடியாது. யார் முரடன், யார் சூழ்ச்சிக்காரன் என்று எந்தக் கண்ணும் சொல்லவில்லை.