ஐந்தரை சென்ட் கம்பி

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை மலைச்சரிவில் நிற்கிறது அந்த ரேடியோ தொலைநோக்கி. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் வளைந்த இரும்புச் சட்டங்கள் மட்டும் தெரியும். மொத்தம் 24. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 23 மீட்டர் வெறும் வெளி; அதனூடே மரமும் மேகமும் தெரிகின்றன. அலைகளைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி எங்கே என்று கண் தேடும். அந்த வெறும் வெளிதான் கண்ணாடி.

கிட்டே போனால்தான் கம்பிகள் புலப்படும். துருப்பிடிக்காத எஃகு, கனம் 0.38 மி.மீ. அப்படி 1100 கம்பிகள், வடக்கு தெற்காக 530 மீட்டர் நீளத்துக்குச் சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 மீட்டர் அகலமும் 530 மீட்டர் நீளமும் கொண்ட அந்தப் பரப்பு ஏறத்தாழ 4 ஏக்கர். கம்பிகள் அத்தனையையும் இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்கினால் அகலம் 42 சென்டிமீட்டர்தான். அது அடைக்கும் இடம் ஐந்தரை சென்ட். ஐந்தரை சென்ட் உலோகம் நாலு ஏக்கர் கண்ணாடியின் வேலையைச் செய்கிறது! நீலகிரிக் காற்றும் மழையும் அதனூடே தாராளமாகப் போய்வருகின்றன.

இது எப்படிச் சாத்தியம்? கொசுவலையின் கண்ணுக்குக் கொசுதான் அளவு. காற்றுக்கு அது திறந்த வாசல். இங்கே வந்து விழும் ரேடியோ அலையின் நீளம் 92 செ.மீ. கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியோ 3 செ.மீ.க்கும் குறைவு. அந்த அலைக்கு அது ஓட்டையே இல்லை.

தொண்ணூறுகளில் கேபிள் டிவிக்காரர் மொட்டைமாடியில் நின்ற பெரிய டிஷ்ஷும் வலைதான். ஆனால் அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி ஓடும், ஏனென்றால் செயற்கைக்கோள் அலைகள் இரண்டு திசைகளில் அதிர்ந்து வரும். முத்தோரையில் குறுக்குக் கம்பி கிடையாது. வடக்கு தெற்காக அதிரும் அலையை மட்டும் வாங்கினால் போதும் என்று முடிவு செய்தார்கள். ஆகவே கம்பியும் அந்தத் திசையில் மட்டும். 1888இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் இதைச் செய்து காட்டியிருக்கிறார். மரச்சட்டத்தில் 3 செ.மீ. இடைவெளியில் செம்புக் கம்பிகளைக் கட்டி அலையின் வழியில் நிறுத்தினார். கம்பிகள் அதிர்வின் திசையிலேயே இருந்தபோது அலை திரும்பியது; சட்டத்தைக் குறுக்காகத் திருப்பியதும் ஊடுருவிப் போய்விட்டது. அந்தச் சட்டம்தான் நம் மலையில் நாலு ஏக்கருக்கு வளர்ந்து நிற்கிறது என்று எனக்குத் தோன்றும்.

வளைவின் நயம் தனி. அது பரவளையம். மேலிருந்து வரும் அலை எந்தக் கம்பியில் பட்டாலும், வந்த தூரமும் திரும்பிய தூரமும் சேர்ந்து ஒரே அளவாக இருக்கும். அதனால் முகடு முகட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் சேர்ந்தே வந்து சேருகின்றன. சேருமிடம் ஒரு புள்ளி அல்ல, நீண்ட கோடு. அந்தக் கோட்டில் 1056 சிறு ஆன்டெனாக்கள் காத்திருக்கின்றன. கண்ணாடி தன் பங்குக்கு ஒரு துளி சக்தியும் சேர்ப்பதில்லை. வீட்டில் வைஃபை பெட்டிக்குப் பின்னால் அலுமினியத் தாள் ஒட்டிய அட்டையை வளைத்து வைத்தால் கூடத்தில் சிக்னல் ஏறும், பின்னறையில் இறங்கும். வீணாகப் போகும் திசையிலிருந்து எடுத்து வேண்டிய திசைக்குக் கொடுப்பதுதான் அங்கே நடப்பது. கூடத்துப் பெட்டியை மாற்றி வாங்கலாம். அண்டத்தின் கோடியிலிருந்து ரேடியோ அலைகளை வீசும் விண்மீன் மண்டலத்திடம் இன்னும் உரக்கப் பேசச் சொல்ல முடியாது. வருவதைச் சிந்தாமல் கூட்டிச் சேர்க்க மட்டுமே முடியும்.

நான் மிகவும் நின்று ரசிப்பது அந்தச் சரிவை. முத்தோரையின் அட்சரேகை 11 பாகைக்குச் சற்று மேல். இந்தத் தொலைநோக்கியை வடிவமைத்த கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும் தேர்ந்தெடுத்த சரிவின் சாய்வும் 11 பாகை. வடக்கே உயர்ந்து தெற்கே தாழும் அந்த மலையில் படுத்திருக்கும் இந்த உருளை வடிவக் கண்ணாடியின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. பூமி சுழலும் வேகத்திலேயே, அதற்கு எதிர்த்திசையில் 24 சட்டங்களும் ஒருசேர மெல்லத் திரும்பினால் போதும். வானத்தில் ஒரே இலக்கை ஒன்பதரை மணி நேரம் விடாமல் தொடரலாம். பிரம்மாண்டமான எந்திரத்தால் செய்ய வேண்டிய சாய்வை மலை ஏற்கெனவே செய்து வைத்திருந்தது.

1970இல் அது நிலவைத் தொடரத் தொடங்கியது. நிலவு தன் பாதையில் நகரும்போது அப்படிப்பட்ட தொலைதூர ரேடியோ விண்மீன் மண்டலம் ஒன்றை மறைக்கும். விளிம்பு தொட்ட கணத்தில் சிக்னல் விழும். மறுபக்கம் விலகும்போது மீண்டும் எழும். அந்த விழுதலையும் எழுதலையும் வைத்து அந்த மண்டலத்தின் இடத்தையும் அளவையும் துல்லியமாகக் கணித்தார்கள். அந்த நேரமெல்லாம் 1100 கம்பிகளும் நிலவின் பக்கம் முகம் திருப்பியபடி, இம்மி இம்மியாக மேற்கே சாய்ந்துகொண்டிருக்கும்.