கடலை மட்டும் பார்த்த வரைபடம்

அம்பாறைக் கரையோரத்தில் வீடு, காணி, உறுதி என்று பேச்செடுத்தால் சற்று நேரத்தில் ஓர் எண் வந்து விழும்: 65 மீற்றர். மருதமுனையில் அது ஒரு குடியிருப்பின் பெயராகவே நிலைத்துவிட்டது. சுனாமிக்குப் பின்னர், கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு கோடு கிழித்தபோது பிறந்த எண் அது. அந்தக் கோடு பலரைக் கடலின் வாயிலிருந்து விலக்கி வைத்தது. பல குடும்பங்களைச் சிதறடிக்கவும் செய்தது. கல்முனைப் பிரதேசத்து நகரத் திட்டமிடலின் நிறையும் குறையும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் கிடக்கின்றன.

பெரியநீலாவணை, மருதமுனை, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் வடக்கிலிருந்து தெற்கே வரிசையாக நீள்கின்றன. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி வரும். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே பிரதான வீதி. வீதியிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். கல்முனை மாநகர எல்லைக்குள் மட்டும் ஒரு இலட்சம் பேர் அளவில் வாழ்கிறார்கள். இந்த ஒடுங்கிய மணல் திட்டில் விரிவடைய இடமில்லை. கிழக்கே போனால் அலை, மேற்கே போனால் நெல்.

இந்த நெருக்கத்தை வெறும் குறையாகப் பார்ப்பது அவசரம். எந்தத் திட்டவல்லுநரும் வரையாமலே இங்கே பல வசதிகள் கூடிவந்திருக்கின்றன. பள்ளிவாசல், பாடசாலை, சந்தை, மருந்துக்கடை எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். மருதமுனையில் தறிச் சத்தம் வீட்டுக்குள்ளிருந்தே கேட்கும். வேலையும் வீடும் ஒரே வளவில். ‘நடந்தே எட்டக்கூடிய நகரம்’ என்று இன்று உலக நகரங்கள் பெருஞ்செலவில் தேடுவதன் ஒரு வடிவம் இந்த ஒழுங்கைகளில் ஏற்கெனவே இருந்தது.

அதே நெருக்கம்தான் 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் உயிர்ப்பலியைப் பெருக்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாட்டின் எந்த மாவட்டத்திலும் இத்தனை இழப்பு இல்லை. அரசு முதலில் தெற்கு, மேற்குக் கரைகளில் 100 மீற்றரும் வடக்கு, கிழக்கில் 200 மீற்றரும் தடைவலயம் என்று அறிவித்தது. கல்முனை, சாய்ந்தமருது போன்ற இடங்களில் 200 மீற்றர் என்றால் ஊரின் கணிசமான பகுதியே போய்விடும். மாற்றுக் காணி எங்கே என்ற கேள்விக்கு எவரிடமும் விடை இருக்கவில்லை. எதிர்ப்பும் காணிப் பஞ்சமும் சேர்ந்து நெருக்க, பின்னர் அந்தத் தூரம் குறைக்கப்பட்டு, இப்பகுதியில் 65 மீற்றர் ஆனது.

கோட்டின் நியாயத்தை மறுக்க முடியாது. முதல் வரிசை வீடுகள் முற்றாக அழிந்த கரையில், மீண்டும் அதே மணலில் ஓலையும் பலகையும் வைத்துக் கட்ட விடுவது பொறுப்பற்ற செயலாக இருந்திருக்கும். புதிய குடியிருப்புகளில் குடிசைக்குப் பதில் சீமெந்து வீடு வந்தது; மலசலகூடம், மின்சாரம், வீதி வந்தன. சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமம், கல்முனையில் கிறீன்பீல்ட் தொடர்மாடிகள், மருதமுனை மேட்டுவட்டையில் 65 மீற்றர் வீட்டுத் திட்டம் என்று ஊர்களின் மேற்கு ஓரங்களில் புதிய முகவரிகள் முளைத்தன. கடலுக்கு அஞ்சித் தூக்கமின்றிக் கிடந்தவர்களுக்கு அந்தத் தூரமே முதல் நிம்மதி.

பிசகு வேறிடத்தில் நேர்ந்தது. கடலிலிருந்து எத்தனை மீற்றர் என்று அளந்தவர்கள், இந்த ஊர்களில் வீடு என்பது எப்படி உருவாகிறது என்று கேட்கவில்லை.

கிழக்கிலங்கையில், முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும், வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே சீதன வீடு பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளோடு அதே வளவிலோ பக்கத்திலோ இன்னொன்றைக் கட்டிக்கொண்டு நகர்வது வழக்கம். அக்கரைப்பற்றில் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த ஏற்பாட்டை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அக்கா, தங்கை, உம்மா, மூத்தம்மா எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் பிள்ளை வளர்ப்பும் நோயாளியைப் பார்ப்பதும் அவசரக் கைமாற்றும் அந்த வளவுக்குள்ளேயே முடிந்துவிடும். அதன் மறுபக்கமும் உண்டு: தலைமுறைக்குத் தலைமுறை வளவு துண்டாகிக்கொண்டே போகும். கரையோர நெருக்கத்துக்கு இந்த வழக்கமும் ஒரு காரணம். பெண் பிள்ளைகளைப் பெற்ற தகப்பனின் உழைப்புக் காலம் முழுவதையும் சீதன வீடே விழுங்கிவிடுகிறது என்ற குறை ஊருக்குள்ளேயே நெடுநாளாகப் பேசப்படுகிறது.

ஆனாலும் மீள்குடியேற்றம் இந்த ஏற்பாட்டைச் சீர்திருத்தவில்லை; கண்டுகொள்ளவே இல்லை. ‘குடும்பத் தலைவர்’ என்ற படிவக் கட்டத்தில் பல இடங்களில் ஆணின் பெயர் ஏறியது. மனைவியின் சீதன வீடு அலையோடு போய், அதற்கு ஈடான வீட்டின் உரிமை கணவனின் பெயருக்கு மாறியது. தொடர்மாடியில் இன்னொரு சிக்கல். வளவில் ஒரு அறையை இழுத்துக் கட்டலாம், மதிலை ஒட்டிச் சின்ன வீடு போடலாம். இரண்டாம் மாடியில் இருப்பவர் இரண்டாவது மகளுக்கு எதைக் கட்டிக் கொடுப்பது? வீடு கிடைத்தவர்களில் சிலர் அதை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய கரைக்கே திரும்பியதை நன்றிகெட்ட செயலாகப் பேசியவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. மீனவனுக்குத் தோணியும் வலையும் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பதும் அதே கணக்கில் சேரும்.

வேறு விதமாகவும் செய்திருக்கலாம் என்பதற்குத் தமிழ்நாடு சாட்சி. 2005 மார்ச்சில் அந்த அரசு வெளியிட்ட சுனாமி வீட்டு வசதி ஆணை, புதிய வீட்டின் உரிமையை மனைவி, கணவன் இருவர் பெயரிலும் சேர்த்துப் பதியச் சொன்னது. நாகப்பட்டினத்து மீள்குடியேற்றத்திலும் குறைகள் ஏராளம். எனினும் படிவத்தில் ஒரு வரியை மாற்றுவதற்குக் காணியும் வேண்டாம், காசும் வேண்டாம் என்பதை அது காட்டிவிட்டது. அந்த ஒரு வரி இங்கே இன்னும் கூடுதலாகப் பொருந்தியிருக்கும்.

வீடு கட்டி முடிந்தும் மக்கள் குடியேற முடியாமற்போன கதை நுரைச்சோலையுடையது. அக்கரைப்பற்றுப் பகுதியில் சவூதி அரேபிய நிதியில் 500 வீடுகள் எழுந்தன. தீகவாபி விகாரைச் சூழலைக் காரணம் காட்டி எதிர்ப்புக் கிளம்பியது; வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், எல்லாச் சமூகங்களுக்கும் விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. அதன் பிறகு பத்தாண்டுகளுக்கு மேலாக வீடுகள் காடு மண்டிக் கிடந்தன. நீதிமன்றம் நாட்டின் சனத்தொகையைப் பார்த்தது. வீடிழந்தவர்கள் பெரும்பாலும் அக்கரைப்பற்றுக் கரையோர முஸ்லிம்கள். இடத்தைத் தெரிவு செய்த நாளிலேயே அக்கம்பக்கத்துச் சமூகங்களோடு பேசியிருந்தால் இந்த முட்டுச்சந்து வந்திருக்குமா என்பது திட்டமிட்டவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொரு பிழை திசை பற்றியது. எல்லாரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தபோது ஆபத்து மேற்கிலிருந்தும் வந்தது. மாரி மழையில் கல்லோயாப் பாசனப் பரப்பின் நீர் இந்த ஊர்களை ஊடறுத்துத்தான் கடலுக்குப் போக வேண்டும். வயல்வெளியும் சதுப்பும் அதைத் தாங்கி மெல்ல விடும்; சாய்ந்தமருதுத் தோணா போன்ற நீரோடைகள் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோகும். அந்தத் தோணாவைக் குப்பையும் சல்வீனியா நீர்க்களையும் அடைக்க, ஒவ்வொரு மாரியிலும் ‘பெக்கோ’ இயந்திரம் வந்து முகத்துவாரத்து மணலை வெட்டிவிடுவதே திட்டமாகிவிட்டது. கடலிலிருந்து விலக்கப்பட்ட மக்களுக்காக மேற்கில் நிரப்பிய நிலம், அதே நீரின் இடத்தைத்தான் எடுத்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி வயலை நிரப்பத் தடை விதிக்கிறது. ஆனால் காணியில்லாத ஊரில் அந்தத் தடை, கள்ளமாக நிரப்பும் மண் லொறிகளுக்கு இரவு நேரத்தை ஒதுக்கிக் கொடுத்ததோடு சரி.

2024 நவம்பர் 26ஆம் திகதி, நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்குத் திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தில் அள்ளுண்டது. மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். கடலிலிருந்து எத்தனை மீற்றர் என்ற கேள்விக்கும் அந்த மரணங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வயலை ஊடறுக்கும் வீதி எவ்வளவு உயரம், அதன் கீழே மதகுகள் எத்தனை, நீர் ஏறினால் வீதியை மூடுவது யார் பொறுப்பு என்பவையே அங்கே உயிர் காக்கும் திட்டமிடல்.

ஓர் ஊரின் தீர்வு அடுத்த ஊரின் தலையில் விழுவதும் இங்கே வழக்கமாகிவிட்டது. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் அலைதடுப்புச் சுவர்கள் மணலோட்டத்தை மறிக்க, துறைமுக வாயில் மணல் அடைத்தது, வடக்கே ஒலுவிலும் நிந்தவூரும் கரையை இழந்தன. பல ஊர்களின் குப்பை ஒலுவில் பள்ளக்காட்டுக்குப் போகிறது. அங்கே காட்டு யானைகள் பொலித்தீனைத் தின்னும் படங்கள் 2020இல் உலகெங்கும் பரவின.

இவற்றுக்கெல்லாம் ஊர் எல்லைகளைத் தாண்டி யோசிக்கும் ஓர் அமைப்பு தேவை. கல்முனையின் அரசியல் எதிர்த்திசையில் போகிறது. தமிழர்கள் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோருகிறார்கள். 1987க்கு முன் தமக்கெனச் சபை வைத்திருந்த சாய்ந்தமருது மக்கள் அதைத் திரும்பக் கேட்கிறார்கள். 2020 பெப்ரவரியில் நகர சபை வர்த்தமானியில் வந்து, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. இரு கோரிக்கைகளுக்கும் பின்னால் புறக்கணிப்பின் நெடிய அனுபவம் இருக்கிறது. பிரிவினையால் நன்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது: அருகருகே இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இயங்குவதால் கட்டில்கள் கூடியிருக்கின்றன. ஆனால் தோணாவையும் மணலோட்டத்தையும் குப்பையையும் எந்த எல்லைக் கோட்டாலும் பிரித்துக் கொடுக்க முடியாது. சபைகள் எத்தனை ஆனாலும் வடிகால், கழிவு, கரையோரம் ஆகிய மூன்றையும் பெரியநீலாவணை முதல் அக்கரைப்பற்று வரை ஒரே வரைபடத்தில் வைக்கும் கூட்டுப் பொறுப்பு அவசியம். வீட்டுத் திட்டங்களில் பெண்ணின் பெயரில் உறுதியும், பின்னால் சேர்த்துக் கட்ட இடமும் அவசியம்.

இதையெல்லாம் வாதிட்டு முடிவெடுக்க வேண்டிய கதிரைகள் கல்முனையில் 2025 தேர்தலிலும் நிரப்பப்படவில்லை. 2025 மே 6ஆம் திகதி நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, நீதிமன்றில் இருந்த வழக்கின் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு வாக்களிப்பு நடக்கவில்லை.