சூளைக் கொட்டகைக்கு எந்த மோடம்?

விருத்தாசலத்தில் செராமிக் பட்டறை நடத்துகிறவருக்கு இணையம் பார்ப்பதற்கு மட்டுமல்ல, பெரும்பாலும் அனுப்புவதற்குத்தான் வேண்டும். புதிதாக அச்சு எடுத்த பொம்மையை நாலு பக்கமும் படம் பிடித்து வெளியூர் வியாபாரிக்கு அனுப்ப வேண்டும். வண்ணம் சரியில்லை என்று அவர் சொன்னால் வீடியோ காலில் வேறு சாம்பிளைக் காட்ட வேண்டும். லோடு ஏறும்போது பில் போட வேண்டும். வரி உள்ள சரக்கு வெளி மாநிலத்துக்குப் போகிறது, மதிப்பும் 50,000 ரூபாயைத் தாண்டுகிறது என்றால், இ-வே பில் எடுக்காமல் வண்டி நகரக் கூடாது. இத்தனை வேலையும் தகரக் கூரை போட்ட கொட்டகைக்குள், சூளைப் பக்கத்தில், களிமண் தூசுக்கு நடுவில் நடக்கிறது.

அதனால்தான் சிம் போட்டு இயங்கும் நான்கு வகைக் கருவிகளையும் இங்கே கொண்டுவந்து பார்த்தேன்: போனின் ஹாட்ஸ்பாட், யூஎஸ்பி டாங்கிள், சட்டைப்பையில் வைக்கும் பாக்கெட் ஹாட்ஸ்பாட், கரண்டில் ஓடும் சிம் ரௌட்டர். செராமிக் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்று, ஜங்ஷன் பிளாட்பாரம், ஓடும் ரயில் ஆகிய மூன்றும்தான் சோதனைக் களம்.

பட்டறைக்காரர் முதலில் சொன்னது இது: "டவர் ஃபுல்லா காட்டுது சார், போட்டோதான் போக மாட்டேங்குது."

அவர் சொன்னது உண்மை. திரையில் தெரியும் கோடுகளுக்குப் பொது அளவு கிடையாது. ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போடுகிறது. நம்பத் தகுந்தது டிபிஎம் எண்தான். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் போய் 'அபவுட் போன்' பகுதியில் சிம் ஸ்டேட்டஸைத் திறந்தால் சிக்னல் அளவு மைனஸ் குறியோடு இருக்கும். 4ஜியில் மைனஸ் 90க்குள் இருந்தால் நல்லது. மைனஸ் 100ஐத் தாண்டினால் தடுமாறும். மைனஸ் 110க்கு அப்பால் போனால் முதலில் அடிபடுவது அப்லோடு. டவரின் குரல் பலமானது, அது நம் கருவிக்குக் கேட்டுவிடும். கையளவு கருவியின் குரல் அந்தத் தூரத்தைக் கடந்து டவருக்குப் போய்ச் சேர வேண்டுமே, அங்கேதான் சிக்கல். இன்னொரு எண்ணும் உண்டு, எஸ்ஐஎன்ஆர். இரைச்சலுக்கு நடுவே சிக்னல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதை அது சொல்லும். 13க்கு மேல் இருந்தால் கவலையில்லை. பூஜ்யத்துக்குக் கீழே போனால் கோடுகள் எத்தனை நின்றாலும் நெட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

கொட்டகைக்குள், சூளைக்கு அடுத்த மேசையில், மைனஸ் 110ஐ ஒட்டிக் காட்டியது. அதே போனை அதே சிம்மோடு வாசலுக்குக் கொண்டுவந்தால் மைனஸ் 98. பார்க்கச் சின்ன வித்தியாசம்போல் இருக்கிறது. ஆனால் டெசிபல் கணக்கில் 3 கூடினால் சக்தி இரண்டு மடங்கு. 12 கூடியிருக்கிறது என்றால் ஏறக்குறைய 16 மடங்கு! ஒரு ரூபாய் செலவில்லாமல், பத்தடி நடந்ததற்கே இது கிடைத்தது. தகரம் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். கல்நார் ஓடு போட்ட கூரையில் இவ்வளவு தொல்லை இல்லை. சுட்ட பீங்கானும் பெரிதாகத் தடுக்காது. காயாத ஈரப் பொம்மைகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் ரேக்குகளுக்குப் பின்னால் மட்டும் மோடத்தை வைக்க வேண்டாம். தண்ணீர் அலையை உறிஞ்சும்.

அலைவரிசையையும் பார்க்க வேண்டும். ஜியோ 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஏர்டெல் 900, 1800, 2100, 2300 ஆகியவற்றை வைத்திருக்கிறது. பிஎஸ்என்எல் தன் உள்நாட்டுத் தயாரிப்பு 4ஜியை 700, 2100 இரண்டிலும் கொடுக்கிறது. எண் சிறியதாக இருந்தால் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். எண் பெரியதானால் வேகம் அதிகம், ஆனால் உள்ளே நுழையத் திணறும். ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும் பட்டறைக்கு 700, 850, 900 இவற்றில் ஒன்றைப் பிடிக்கும் கருவிதான் கைகொடுக்கும். மலிவு மோடம் பலவற்றில் இந்த அலைவரிசைகள் இருப்பதே இல்லை. பெட்டியின் பின்பக்கம் பி5, பி8, பி28, பி40 என்று பொடி எழுத்தில் இருக்கும். 850க்கு பி5, 900க்கு பி8, 700க்கு பி28, 2300க்கு பி40. கடைக்காரர் காட்டும் முன்பக்கத்தைவிட அந்தப் பொடி எழுத்து முக்கியம்.

இனி கருவிகள்.

போன் ஹாட்ஸ்பாட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். நடுத்தர விலைப் போனில்கூட நம் நாட்டு அலைவரிசைகள் பெரும்பாலும் இருக்கின்றன. ஒரு பில், ஒரு இ-வே பில், பத்துப் போட்டோ என்ற அளவில் தேவை உள்ளவருக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை. குறை எங்கே என்றால், போன் ஒருவருடையது. முதலாளி போனை எடுத்துக்கொண்டு பேங்குக்குக் கிளம்பினால் பில் போடும் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடுகிறது. நான் இருந்தபோதே அப்படி ஆனது. வைக்கோல் வைத்துப் பொம்மைகளைக் கட்டி முடித்துவிட்டார்கள், வண்டியும் வந்துவிட்டது, பில் மட்டும் வரவில்லை. கூடவே சூடு. சூளைப் பக்கம் ஹாட்ஸ்பாட் போட்ட போன் கையில் பிடிக்க முடியாதபடி கொதிக்கும், பேட்டரியும் வேகமாக இறங்கும்.

டாங்கிள் என்றதும் பலருக்கும் டாடா போட்டானும் ரிலையன்ஸ் நெட்கனெக்டும் நினைவுக்கு வரும். 3.1 எம்பிபிஎஸ் என்பதே அன்றைக்குப் பெரிய பேச்சு. பிஎஸ்என்எல் 2009இல் 3ஜி கொண்டுவந்தபோது இந்தச் சின்னக் குச்சியைச் செருகித்தான் எத்தனையோ ஊர்கள் இணையத்தைக் கண்டன. அந்தப் பழைய டாங்கிள்கள் இன்றும் இருநூறு முந்நூறுக்குக் கிடைக்கின்றன. வாங்காதீர்கள். போட்டானும் நெட்கனெக்டும் ஓடிய சிடிஎம்ஏ சேவை மூடியாயிற்று. ஏர்டெல் 2020இலேயே 3ஜியை நிறுத்திவிட்டது. ஜியோவிடம் 3ஜி எப்போதும் இருந்ததில்லை.

4ஜி டாங்கிளில் ஹுவாவே இ3372 பெயர் பெற்றது. கம்ப்யூட்டரில் செருகினால் தனி சாஃப்ட்வேர் இல்லாமலே ஹைலிங்க் முறையில் ஓடும். ஆனால் ஒரே பெயரில் பல வகை உண்டு. இ3372எச்-153 என்ற வகை 2300ஐப் பிடிக்காது. -607 வகை 700ஐயும் 2300ஐயும் பிடிக்கும். 850 இரண்டிலுமே இல்லை. பெயரை மட்டும் பார்த்து ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர்கள் ஏமாறும் இடம் இது. பட்டறையைப் பொறுத்தவரை டாங்கிளுக்கு வேறு தொல்லையும் இருக்கிறது: கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறதோ அங்கேயே இதுவும் இருந்தாக வேண்டும், அது கொட்டகையின் மோசமான மூலையாகவே இருக்கும். ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டியபோது நிலைமை தேறியது. களிமண் தூசு போர்ட்டுக்குள் இறங்காமல் துணியோ மூடியோ போடுவதும் அவசியம். லேப்டாப்பும் கையுமாக அலைகிறவருக்கு டாங்கிள் இன்னும் நல்ல பொருள்தான். பட்டறைக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பாக்கெட் ஹாட்ஸ்பாட்டை வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தியது 2016இல் வந்த ஜியோஃபை. அதன் ஜேஎம்ஆர்540 மாடலில் 2300 எம்ஏஎச் பேட்டரி, ஒரே நேரத்தில் பத்துக் கருவி இணைக்கலாம். ஜியோ சிம் மட்டுமே ஏற்கும் என்பதை மறக்கக் கூடாது. எந்த சிம்மையும் ஏற்கும் கருவி வேண்டுமானால் டிபி-லிங்க் எம்7200 போன்றது, அதில் 2000 எம்ஏஎச். இந்த ரகம் இன்று ஏறக்குறைய 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ரயிலில் இதன் அருமை தெரிந்தது. விருத்தாசலம், விழுப்புரம் – திருச்சி கார்டு லைனில் இருக்கும் ஜங்ஷன். சேலத்துக்கும் கடலூருக்கும் இங்கிருந்து தடம் பிரிகிறது. சாம்பிள் பெட்டியோடு ஊர் ஊராகப் போகும் வியாபாரிக்குப் போன் பேட்டரி மிச்சமாகிறது, உடன் வருகிறவரும் சேர்ந்துகொள்ளலாம். ஜன்னலோரம் வைத்தால் போதும். வயல்வெளிகளில் சிக்னல் அறுந்து அறுந்துதான் வரும், அதற்கு எந்தக் கருவியாலும் பரிகாரம் இல்லை.

இதையே பட்டறையில் நிரந்தரமாகச் சார்ஜரில் செருகி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆபத்து. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், சூளை எரியும் நாளில் அந்த அளவு எளிதாகத் தாண்டிவிடும். பேட்டரி உப்பி மூடி தூக்கிய ஹாட்ஸ்பாட்டை அங்கேயே காட்டினார்கள். உப்பிய பேட்டரியை அமுக்கிப் போட்டு மூட வேண்டாம், தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுங்கள்.

பட்டறைக்கு என் ஓட்டு சிம் ரௌட்டருக்குத்தான். நான் பார்த்தது டிபி-லிங்க் டிஎல்-எம்ஆர்6400. பேட்டரி இல்லை, அதனால் உப்பும் பயமும் இல்லை. கழற்றி மாட்டக்கூடிய இரண்டு ஆன்டெனா, நான்கு லேன் போர்ட். பில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் கேபிளில், மற்றவை வைஃபையில். 4ஜி கேட்டகிரி 4 என்பதால் பெட்டியில் 150 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் முழுவதும் ஒருவருக்கே கிடைத்தால் வரும் உச்சம் அது. அகலம் 10 என்றால் உச்சமே 75 ஆகிவிடும், அதையும் டவரில் உள்ள எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். அந்த எண்ணுக்காக யாரும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இங்கே கடைக்காரர்கள் தவறாமல் விற்கப் பார்ப்பது, நீளக் கேபிளோடு வரும் வெளி ஆன்டெனா. ரௌட்டர் உள்ளே, ஆன்டெனா கூரை மேலே, நடுவில் பத்து மீட்டர் மெல்லிய கருப்புக் கேபிள். மேலே பிடித்த சிக்னலில் பெரும்பகுதியை அந்தக் கேபிளே தின்றுவிடும். கூரையை ஒட்டி மழைபடாத, வெயில்படாத இடத்தில் ரௌட்டரையே வைத்துவிட்டு, அங்கிருந்து லேன் கேபிளைக் கீழே இறக்குங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை இழப்பில்லாமல் கொண்டுவரும். இந்தப் பட்டறையில் வாசல் பக்கப் பரணில் ரௌட்டரை வைத்துக் கேபிளை இறக்கியதும், சுற்றிக்கொண்டே இருந்த போட்டோக்கள் மளமளவென்று போயின. கரண்ட் கட்டுக்கு ரௌட்டர் யுபிஎஸ் என்று கையடக்கமாக ஒன்று விற்கிறார்கள். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்டேஜ் 9ஆ 12ஆ என்று பார்த்து அதற்கேற்றதை வாங்க வேண்டும். ரௌட்டருக்கு மட்டும் ஏறக்குறைய 3,000 முதல் 6,000 ரூபாய் வரை ஆகும்.

பட்டறையில் இருந்த பையன் ஒருவனிடம் ஒரு பழைய மோடத்தைத் திறந்து காட்டினேன். பச்சைப் பலகையில் அரிசி நொய்யைவிடச் சின்னதாகப் பழுப்பு நிறத்தில் வரிசை வரிசையாக இருப்பவை செராமிக் கெப்பாசிட்டர்கள். பேரியம் டைட்டனேட் என்னும் பொருளை மெல்லிய அடுக்குகளாக்கி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு எடுப்பவை. ஒரு ஸ்மார்ட்போனில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஜிபிஎஸ் கருவிகள் பலவற்றில் ஆன்டெனாவும் செராமிக் சில்லுதான். செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே கல்லூரி வைத்திருக்கும் ஊர் இது. ஃபியூஸ் கேரியரும் அகல் விளக்கும் செய்த கைகள் இந்தப் பக்கமும் வர வேண்டும் என்பது என் ஆசை.

5ஜி பற்றிக் கேட்பீர்கள். 5ஜி பாக்கெட் ஹாட்ஸ்பாட் விலை அதிகம், சூடும் அதிகம்; பில்லுக்கும் போட்டோவுக்கும் அது தேவையில்லை. ஜியோவும் ஏர்டெல்லும் 2023இல் கொண்டுவந்த ஏர்ஃபைபர் நல்ல ஏற்பாடு, ஆனால் கட்டடத்தோடு பொருத்துவது. இடத்துக்குக் கிடைக்கிறது என்றால், நகரத் தேவையில்லாத பட்டறை அதைத் தாராளமாக யோசிக்கலாம்.

டேட்டா கணக்கில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சிசிடிவி கேமராவை சிம் ரௌட்டரில் இணைத்து இரவு பகலாக கிளவுடில் ஏற்றாதீர்கள். 2 எம்பிபிஎஸ்ஸில் அனுப்பும் ஒரே கேமரா மணிக்கு 900 எம்பி, ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல் தின்னும். தினம் 2 ஜிபி பேக் இரண்டேகால் மணி நேரத்தில் தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அப்புறம் இ-வே பில் பக்கம்கூடத் திறக்காது. பதிவைப் பட்டறையிலேயே ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது மட்டும் பாருங்கள். அதேபோல பேங்கில் கொடுத்திருக்கும் நம்பரின் சிம்மை ரௌட்டரில் போட்டுவிடாதீர்கள். ஓடிபி எல்லாம் ரௌட்டரின் இன்பாக்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நவராத்திரிக் கொலு, கார்த்திகை விளக்கு ஆர்டர்கள் குவியும் நேரத்தில் இதையெல்லாம் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. ஆடி மாதமே உகந்தது. தெரிந்தவர்களிடம் ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் சிம் உள்ள போன்களைக் கேட்டு வாங்கி, உங்கள் கொட்டகையில் மோடம் வைக்கப்போகும் அதே இடத்தில் டிபிஎம் எண்ணைப் பாருங்கள், ஒரு பெரிய வீடியோவை அனுப்பிப் பாருங்கள். எது முதலில் போய்ச் சேர்கிறதோ அந்த சிம், அந்த அலைவரிசையைப் பிடிக்கும் ரௌட்டர். உங்கள் சிம்மைப் போட்டு ஓட்டிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.