ஓடுதளத்தோரம் ஒரு மதியச் சாப்பாடு

தம் கையால் கட்டிய சிறு விமானத்தில் ஏறி வேற்றூர் விமான நிலையம் ஒன்றுக்குப் பறந்துபோய், அதேபோல் வந்து இறங்கியவர்களோடு மதியம் சாப்பிட்டுவிட்டுப் பொழுதோடு வீடு திரும்புவது அமெரிக்காவில் ஊறிப்போன வார இறுதிப் பழக்கம். விமானிகள் இந்தச் சாப்பாட்டை 'நூறு டாலர் ஹாம்பர்கர்' என்பார்கள். எரிபொருள் செலவையும் சேர்த்துச் சொல்லும் விலை அது. அழைப்பிதழ் இல்லை, நிகழ்ச்சி நிரல் இல்லை. வானம் தெளிந்திருந்தால் யாராவது ஓர் இடத்தைச் சொல்வார். முடிந்தவர்கள் வந்து சேர்வார்கள். பெயருக்குத்தான் சாப்பாடு. கைவேலை தெரிந்தவர்கள் ஒருவர் வேலையை ஒருவர் நின்று பார்த்து ரசிக்க இதைவிட நல்ல இடம் வாய்ப்பதில்லை.

இந்த விமானங்களை அமெரிக்கச் சட்டம் 'எக்ஸ்பெரிமென்டல்' வகையில் சேர்க்கிறது. விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டியவர்கள் அதைத் தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டுமே கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. 1953இல் பால் பொபரெஸ்னி மில்வாக்கியில் தொடங்கிய சங்கம் இந்தக் கலைக்கு ஊருக்கு ஊர் ஆள் சேர்த்தது. ஆரிகனில் ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் வடிவமைத்து, பாகங்களாக விற்கத் தொடங்கிய ஆர்.வி. விமானங்களில் 11,000க்கும் மேற்பட்டவை பறந்துவிட்டன. அதனால் எந்த மதியக் கூட்டத்திலும் ஆர்.வி.க்களே அதிகம்.

போகும் இடத்துக்கு வேண்டிய முதல் தகுதி, விமானத்தை நிறுத்திவிட்டு நடந்தே உணவகத்தை எட்ட முடிவது. கலிஃபோர்னியாவில் கோலிங்கா அருகே, ஐந்தாம் நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள ஹாரிஸ் ரேஞ்ச் இதற்குப் பேர்போனது. மாட்டிறைச்சிக்குப் புகழ்பெற்ற அந்த உணவகத்துக்குச் சொந்த ஓடுதளமே உண்டு. அகலம் சுமார் 30 அடிதான். சக்கரம் நடுக்கோட்டை விட்டு விலகினால் பார்க்கிறவர் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இத்தகைய இடங்களில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருப்பதில்லை. ஒவ்வொரு விமானியும் தான் இருக்கும் இடத்தைப் பொது அலைவரிசையில் தானே சொல்லிக்கொண்டு வருகிறார். நான்கு விமானங்கள் அணியாக ஓடுதளத்தின் மேல் பறந்து, சில நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பிரிந்து வளைந்து இறங்குவது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் வேறு யாராவது இறங்கக் காத்திருக்கும்போது அதை விட்டுக்கொடுத்து, வழக்கமான சுற்றில் அமைதியாகச் சேர்ந்துகொள்பவரே தேர்ந்த விமானி.

என்ஜின் நின்றதும் உணவகத்தை நோக்கி யாரும் நடப்பதில்லை. முதலில் விமான வரிசையை ஒரு சுற்று பார்த்தாக வேண்டும். அடுத்தவர் விமானத்தைக் கேட்காமல் தொடுவதில்லை. புரொப்பெல்லர் பக்கமே கை போவதில்லை. பழகியவர் இறக்கையின் நுனியருகே குனிந்து, சாய்வெயிலில் தகட்டின் மேல் பார்வையை ஓட்டுவார். அலுமினியம் எதையும் மறைக்காது. ஆர்.வி.யின் மேல்தகட்டு ரிவெட்டுகள் தலை வெளியே துருத்தாமல் தகட்டோடு தகடாக அமர வேண்டும். பல இடங்களில் அதற்கு இருவர் வேண்டும்: ஒருவர் வெளியிலிருந்து ரிவெட் துப்பாக்கியால் அடிக்க, மற்றவர் உள்ளே கைவிட்டு எஃகுக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிப்பார். துப்பாக்கி சற்றே சாய்ந்தாலும் பிறை வடிவில் ஒரு வடு விழும். இப்படி ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். வடுவே இல்லாத இறக்கையைக் கண்டால் ரிவெட் அடித்துப் பழகியவர் வாயடைத்து நிற்பார். அடுத்துப் பார்வை போவது கண்ணாடிக் கூண்டுக்கு. அது உண்மையில் அக்ரிலிக்; குளிரில் அறுத்தால் விரிசல் விடும்; அதற்காகவே கோடைவரை காத்திருந்து அறுத்தவர்கள் பலர். கூண்டு உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி முழுக்க ஒரே அளவாக ஓடினால், அதற்குள் எத்தனை பொறுமை அடங்கியிருக்கிறது என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும்.

வரிசையில் ஒரு லாங்-ஈஸி இருந்தால் கூட்டம் அங்கே கூடும். பர்ட் ரூட்டன் வடிவமைத்த இது, ஃபோமைச் செதுக்கி அதன்மேல் கண்ணாடி இழையும் ரெசினும் பூசிக் கட்டப்படுவது. 1979இல் முதலில் பறந்தது. என்ஜின் பின்புறம் இருப்பதால் ஆள் இறங்கினால் வால் கனத்துப் பின்னால் சாயப் பார்க்கும். ஆகவே முன்சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றி மண்டியிட்டாற்போல் நிறுத்துகிறார்கள்.

சாப்பாட்டு மேசையில் பேச்சு எடையில் தொடங்கும். வெறும் விமானம் எத்தனை பவுண்டு என்பதே முதல் கேள்வி. பளபளக்கும் பெயின்ட்டும் தோல் இருக்கையும் அழகுதான். இரண்டும் எடையைக் கூட்டுபவை. குறைந்த எடையில் முடித்தவருக்கே மதிப்பு அதிகம், அது நியாயமும்கூட. மது அருந்திய எட்டு மணி நேரத்துக்குள் விமானம் ஓட்டக் கூடாது என்பதால் விமானிகளின் மேசையில் பியருக்கு இடமில்லை, ஐஸ் டீதான்.

திரும்பும்போது கோடை வெயில் கணக்கில் வரும். சூட்டில் காற்றின் அடர்த்தி குறைவதால் இறக்கையின் தூக்குவிசையும் என்ஜினின் வலுவும் சேர்ந்து குறையும். மேலெழக் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும். விமானத்தில் இருவர் ஏறி, டாங்க்கும் நிரம்பியிருந்தால் ஓடுதளத்தின் நீளத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தே புறப்படுவார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் கிளம்புவார்கள். மாலையில் கடல்மூட்டம் உள்ளே வந்து ஓடுதளத்தை மூடுவதற்குள் அவர்கள் போய் இறங்கியாக வேண்டும்.