பந்துக்கு இல்லாத தீட்டு

கிளப் வரலாறுகள் பெரும்பாலும் வெற்றிப் பட்டியல்கள். ராமச்சந்திர குஹாவின் கிரிக்கெட் வரலாறு (2002) வேறு கேள்வி கேட்கிறது: யாரு உள்ளே, யாரு வெளியே? புனாவின் இந்து கிளப் தலித் பந்துவீச்சாளர் பல்வாங்கர் பாலுவை ஆடச் சேர்த்தது. தேநீரை மட்டும் வெளியே, மண்குவளையில் கொடுத்தது. 1911இல் இங்கிலாந்தில் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். இந்து அணியின் தலைமையோ 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் வாய்த்தது. உழைப்பை எடுத்துக்கொண்டு ஆளைத் தள்ளிவைப்பதுதான் சாதியின் ஆட்டவிதி.

விட்டல் மராத்தியில் தன்வரலாறு எழுதிவைத்தார். குஹாவுக்கு அது ஆதாரமாயிற்று. மணிமங்கலத்திலிருந்து வாசிக்கும் எனக்கு இதுவே முக்கியம். புலிகேசி இங்கே பல்லவனிடம் தோற்றது ஏட்டில் இருக்கிறது. ஷிப்ட் முடித்து மைதானத்துக்கு வருகிறவன் எந்த ஏட்டில்? எழுத வேண்டியது நம்ம பசங்கதான். ஸ்கோரை அப்புறம் பார்க்கலாம். யாருக்கு எந்த கிளாஸ்ல டீ குடுத்தாங்க, அதிலிருந்து தொடங்கட்டும்.