முகவரியை எங்கே எழுதிவைப்பது?

கணினிக் கிளஸ்டர் அமைப்பதற்கான கையேடுகள் பலவும் ஒரே அறிவுரையோடு தொடங்குகின்றன: ஒவ்வொரு கணினிக்கும் மாறாத ஐபி முகவரி ஒன்றைக் கையால் கொடுங்கள், பிறகு எல்லா முகவரிகளையும் பெயர்களோடு சேர்த்து எல்லாக் கணினிகளின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் எழுதுங்கள். முகவரி மாறக்கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. நாற்பது கணினிகள் இருந்தால் அதை நாற்பது இடங்களில் எழுதிவைப்பதுதான் கோளாறு.

இந்த வழக்கம் வந்த பாதை புரிந்துகொள்ளக்கூடியதே. 1994இல் நாசாவின் காடார்ட் விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் உருவாக்கிய முதல் பேயோவுல்ஃப் கிளஸ்டரில் இருந்தவை 16 கணினிகள். அந்த அளவுக்குக் கையால் எழுதிய பட்டியலே போதும். 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 ஆவணம், 10இல் தொடங்கும் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளையும் 192.168இல் தொடங்கும் 65,536 முகவரிகளையும் உள் வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கியதால், யாரிடமும் கேட்காமல் எண்களைத் தாராளமாகப் பங்கிட முடிந்தது. மூன்றாம் ரேக்கின் பதினேழாம் கணினிக்கு 10.1.3.17 என்று கொடுத்துவிட்டால், பழுது வந்த இரவில் எந்தப் பெட்டியைத் திறப்பது என்று எண்ணே சொல்லிவிடும்.

நிலையான முகவரிக்கு இதைவிட வலுவான நியாயமும் உண்டு. குபர்நெட்டிஸை எடுத்துக்கொள்வோம். அதன் தலைமைக் கணினியின் சான்றிதழுக்குள்ளேயே ஐபி முகவரி பதிந்திருக்கிறது. முகவரி மாறினால் மற்றக் கணினிகள் அதை நம்ப மறுக்கும். மின்தடைக்குப் பிறகும் ஒரு நன்மை உண்டு: தன் முகவரியைத் தானே வைத்திருக்கும் கணினி, யாருக்கும் காத்திராமல் எழுந்து வந்துவிடும்.

சிக்கல் ஹோஸ்ட்ஸ் கோப்பில் தொடங்குகிறது. டெபியன், உபுண்டு ஆகியவற்றை நிறுவும்போது, கணினியின் சொந்தப் பெயருக்கு நேரே 127.0.1.1 என்ற வரி பெரும்பாலும் அந்தக் கோப்பில் தானாகவே இடம்பெற்றுவிடுகிறது. அது லூப்பேக் முகவரி. கணினி தன்னோடு மட்டும் பேசிக்கொள்வதற்கானது. ஹடூப் போன்ற மென்பொருள் தன் கணினியின் பெயரைக் கேட்டு, கிடைத்த முகவரியில் காத்திருக்கத் தொடங்கும். தலைமைக் கணினியில் பார்த்தால் எல்லாம் ஓடுவதாகவே தெரியும். பிங் செய்தால் பதிலும் வரும். ஆனால் வெளியிலிருந்து இணைய முயலும் கணினிகளுக்கு மறுப்புதான் கிடைக்கும். புதிதாகக் கிளஸ்டர் அமைப்பவர்கள் ஃபயர்வாலையும் கேபிளையும் ஸ்விட்சையும் சந்தேகித்து நாட்களைத் தொலைப்பது இந்த ஒற்றை வரியால். அதை நீக்கச் சொல்லாத கையேடு பாதிக் கையேடுதான்.

அடுத்தது பிரதிகளின் விலகல். நாற்பது கணினிகளோடு நாற்பத்தொன்றாவதைச் சேர்த்தால் நாற்பது கோப்புகளையும் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டால் உடனே தெரியாது. அந்தக் கணினியும் புதியதும் ஒரே வேலையில் சேர்ந்து ஓடும் நாளில்தான் வேலை அறுந்து விழும். மறுபடி ஓட்டினால், வேறு கணினிகள் அமைந்து, ஒழுங்காகவே முடியும்.

மாற்று வழி பழையதுதான். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டின் மேக் முகவரிக்கும் இன்ன ஐபி என்று டிஹெச்சிபி சர்வரில் ஒரே அட்டவணையாக எழுதிவைப்பது. சான் டியாகோ சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தின் ராக்ஸ் கிளஸ்டர் மென்பொருள் இதை அழகாகச் செய்தது. கணினிகளை வரிசையாக இயக்கினால் போதும். வரும் கோரிக்கைகளைப் பிடித்து, ரேக்கும் வரிசை எண்ணும் கொண்ட பெயர் சூட்டித் தரவுத்தளத்தில் ஏற்றும். ஹோஸ்ட்ஸ் கோப்பு அந்தத் தரவிலிருந்தே உருவாகும்.

இதற்கும் விலை உண்டு. மதர்போர்டை மாற்றினால் பழைய கணினி புதிய அந்நியனாக வந்து நிற்கும். மின்சாரம் திரும்பும்போது சர்வர் தாமதமாக எழுந்தால், மற்றவை முகவரியின்றித் தவிக்கும். ஆகவே தலைமைக் கணினி, ஸ்விட்ச், தொலைநிர்வாகக் கார்டுகள் ஆகியவற்றுக்குக் கையால் முகவரி கொடுப்பதே சரி. ஏழெட்டுக் கணினிகள் கொண்ட ஆய்வகத்துக்கு முழுவதையும் கையால் செய்வதிலும் தவறில்லை. எண்ணிக்கை பெருகினால் ஒற்றை அட்டவணைக்கு மாறியாக வேண்டும்.

எந்த வழியில் போனாலும், எண் வரிசையைத் தேர்வதில் காட்டும் அலட்சியம் பின்னால் கடிக்கும். டாக்கர் இயல்பாகவே 172.17 வரிசையை எடுத்துக்கொள்கிறது. குபர்நெட்டிஸோடு சேர்த்து நிறுவப்படும் ஃபிளானல், கன்டெய்னர்கள் ஓடும் பாட் வலையமைப்புக்கு இயல்பாக 10.244ஐ எடுத்துக்கொள்கிறது. நிறுவனத்தின் ஏதோ ஒரு கட்டடம் அதே வரிசையில் இருந்தால், அங்கே போக வேண்டிய தகவல் கிளஸ்டருக்குள்ளேயே சுழன்று காணாமல் போகும். முதல் கேபிளைச் செருகும் முன்பே நிறுவனத்தின் முகவரிப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். பாட் வலையமைப்பின் வரிசையைப் பிறகு மாற்றுவது, பெரும்பாலும், கிளஸ்டரையே மறுபடி நிறுவும் வேலையாகிவிடுகிறது.