கவுன்சிலிங் என்றால் சீட்டு மட்டும்தானா?

திருவண்ணாமலையில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் "கவுன்சிலிங் போகணும்" என்று சொல்லிப் பாருங்க. "எந்தக் காலேஜ் கிடைக்கும்?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். 2018இல் பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறும்வரை, அப்பாவும் மகளும் பஸ் ஏறி கிண்டிக்குப் போய், பெரிய திரையைப் பார்த்து, சில நிமிஷங்களில் நாலு வருஷப் படிப்பை முடிவு செய்துவிட்டுத் திரும்புவார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். நம் பள்ளிகளில் இருக்கிற கோளாறும் ஏறக்குறைய இதுதான் என்பது என் எண்ணம்.

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் என்னென்ன படிப்பு, எந்த நுழைவுத் தேர்வு, எப்போது விண்ணப்பம் என்று யாராவது முறையாகச் சொல்ல ஆரம்பித்ததே பெரிய விஷயம். ஆனால் பிள்ளைக்குத் தகவல்தான் குறை, அதைக் கொடுத்துவிட்டால் போதும் என்று அந்தத் திட்டம் நம்புகிறது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மார்க். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைக்கும், கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் அரசே கட்டும், புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் வரும். எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அப்பா பெங்களூரில் கட்டட வேலை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பியைப் பார்த்துக்க ஆள் இல்லை, மாமன் வீட்டிலிருந்து கல்யாணப் பேச்சு வேறு. ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிறாள். இது "வேலைவாய்ப்பு வழிகாட்டல்" பிரச்சினையா, "மனநலப்" பிரச்சினையா? பிரித்துப் பார்க்க முடியுமா என்ன?

அரசு பிரித்துத்தான் வைத்திருக்கிறது. படிப்பைப் பற்றிக் கேட்க, அந்தப் பொறுப்பைக் கூடுதலாகச் சுமக்கிற ஒரு ஆசிரியர். மனக்கஷ்டத்தைச் சொல்ல 'மாணவர் மனசு' பெட்டி, இல்லாவிட்டால் 14417. பெட்டியில் சீட்டு எழுதிப் போடலாம். பெட்டி திருப்பிக் கேள்வி கேட்காது. போனில் பேசலாம், 24 மணி நேரமும் ஆள் உண்டு. ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே போன் அண்ணன் கையில் இருந்தால், அண்ணனைப் பற்றி எப்படிப் பேசுவாள்?

அமெரிக்காவில் பள்ளி ஆலோசகர் என்பவர் படிப்பு, வேலை, மனசு மூன்றையும் ஒரே ஆளாகக் கவனிக்க வேண்டியவர். அவர்களுடைய சங்கம் 250 மாணவருக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. (அங்கேயும் பெரும்பாலான மாநிலங்கள் அந்தக் கணக்கை எட்டவில்லை, ரொம்பப் புகழ வேண்டாம்.)

இங்கே 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. விசாகப்பட்டினத்தில் நீட்டுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பெண்ணின் மரணத்தை ஒட்டிய வழக்கு. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதியுள்ள ஒரு ஆலோசகரோ, உளவியலாளரோ, சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அதற்கும் சின்ன நிறுவனங்கள் வெளியே உள்ள நிபுணர்களோடு தொடர்பு வைத்துக்கொண்டால் போதும். மலைமேல் இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கு "வெளியே" என்றால் போளூருக்கு இறங்க வேண்டும்.

எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் ஆள் போட முடியாது, புரிகிறது. யாரிடமிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஜவ்வாது மலையில் இருக்கிற அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளைச் சொல்வேன். பிள்ளைகள் ராப்பகலா அங்கேயேதான் இருக்காங்க. அந்தப் பள்ளிகளை நடத்துவது பழங்குடியினர் நலத்துறை, வழிகாட்டல் புத்தகம் போடுவது பள்ளிக்கல்வித்துறை. சம்பளம் எந்தத் துறைக் கணக்கில் என்பதை முதலில் தீர்த்தாக வேண்டும்.